பழி சிவப்புக் காருக்கு, பெட்ரோல் பெட்டி வண்டிக்கு

ஸ்போர்ட்ஸ் கார் என்று யாராவது வாயெடுத்தால் போதும், அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "மைலேஜ் எவ்வளவு தரும்?" பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கேள்விகூடக் கிடையாது, நேராகத் தீர்ப்புதான். ஊதாரி வண்டி, பெட்ரோல் குடிக்கும் பூதம், பூமி சூடாவதற்குக் காரணமே இந்த மாதிரி ஆட்கள்தான்... ரெண்டு சீட்டு, நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை, சிவப்பு பெயின்ட். பார்த்தாலே குற்றவாளி மாதிரி இருக்கிறது. அப்புறம் விசாரணை எதற்கு?

விசாரணை தேவை. ஏனென்றால் இந்தத் தீர்ப்பை எழுதியது கணக்கு அல்ல, கண். கண்ணை நம்பி ஒரு நாடே சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் நிழலில் நிஜமான பூதங்கள் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தன. அந்த நாடு அமெரிக்கா.

(ஒரு சின்னக் கணக்கு முதலில்: அமெரிக்காவில் ஒரு கேலனுக்கு எத்தனை மைல் என்று சொல்வார்கள். அந்த எண்ணை 0.425-ஆல் பெருக்கினால் நம் ஊர் கணக்கில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். கீழே எல்லாம் நம் ஊர் கணக்கு.)

சட்டம் யாரைப் பிடித்தது, யாரை விட்டது?

1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை மூடின. அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் வரிசை தெருமுனை தாண்டி நின்றது. பயந்துபோன அரசு 1975-ல் கார் கம்பெனிகளுக்கு சராசரி மைலேஜ் அளவு ஒன்றை விதித்தது. 1978-ல் இன்னொரு சட்டம் வந்தது. அதிகம் குடிக்கும் கார்களுக்குத் தனி வரி. 'கேஸ் கஸ்லர்' வரி என்று பெயர். 1991-லிருந்து நிலவரம் இது: அரசு சோதனையில் லிட்டருக்கு சுமார் 9.6 கிலோமீட்டருக்குக் கீழே போனால் 1,000 டாலரில் ஆரம்பிக்கும். மோசமாகப் போகப் போக ஏறி, லிட்டருக்கு 5.3-க்கும் கீழே விழுந்தால் 7,700 டாலர்.

நல்ல சட்டம்தானே? ஃபெராரி, லம்போர்கினி, டாட்ஜ் வைப்பர் எல்லாம் கட்டின. கட்டட்டும், தப்பில்லை. ஆனால் சட்டத்தில் ஒரு ஓட்டை. இந்த வரி 'கார்'களுக்கு மட்டும். பிக்கப், வேன், எஸ்.யூ.வி. எல்லாம் 'டிரக்' கணக்கு, அவற்றுக்கு வரி கிடையாது. 1978-ல் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. டிரக் என்றால் விவசாயி வைத்திருப்பது, கடைக்காரர் மூட்டை ஏற்றுவது. குழந்தையை ஸ்கூலில் விட யாரும் டிரக் வாங்கவில்லை.

கம்பெனிகளுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? டிரக்கின் சட்டத்தின் மேல் சோபா போட்டு, ஏ.சி. போட்டு, குடும்ப வண்டி என்று விற்றார்கள். 2000 மாடலாக ஃபோர்ட் எக்ஸ்கர்ஷன் வந்தது, மூன்று டன்னுக்கு மேல் எடை. 2003 மாடலாக ஹம்மர் எச்2 வந்தது, கிட்டத்தட்ட 2.9 டன். வண்டியும் அது சுமக்கக்கூடிய பாரமும் சேர்ந்து 8,500 பவுண்டைத் தாண்டிவிட்டதால் இவை ரெண்டுக்கும் அரசாங்க மைலேஜ் மதிப்பீடே கிடையாது! கண்ணாடியில் ஒட்டும் சீட்டில் எண்ணே இல்லை. எச்2-வை ஓட்டிப் பார்த்த பத்திரிகைகள் லிட்டருக்கு நாலு சொச்சம் என்று எழுதின. பரீட்சையே எழுதாதவனுக்கு ஃபெயில் மார்க் போட முடியாது அல்லவா, அதே தந்திரம்.

கூத்து இன்னும் முடியவில்லை. 2003-ல் அமெரிக்க அரசு சிறு தொழில் செய்பவர்களுக்கு ஒரு சலுகை தந்தது. தொழிலுக்கு என்று சொல்லி 6,000 பவுண்டு மொத்த எடைக்கு மேற்பட்ட வண்டி வாங்கினால், 1,00,000 டாலர் வரை அந்த வருடமே வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். ஹம்மரின் விலையே சுமார் 50,000 டாலர்தான். அடுத்த வருடமே, 2004-ல், கூச்சல் தாங்காமல் எஸ்.யூ.வி.களுக்கு 25,000 டாலர் என்று குறைத்தார்கள். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். ஒரே நாடு, ஒரே வருடம். வைப்பர் வாங்கினால் அபராதம், ஹம்மர் வாங்கினால் பரிசு. எது பூதம் என்று முடிவு செய்தது லிட்டர் அல்ல, பெயர்ப்பலகை.

எடை என்ற ஒரு விஷயம்

இப்போது குற்றவாளிக் கூண்டில் நிற்கும் சிவப்புக் காரைப் பாருங்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகம் அதிகம் வாங்கியது மாஸ்டா எம்.எக்ஸ்-5. 1989-ல் வந்தது. 1.6 லிட்டர் இன்ஜின், ஒரு டன்னுக்கும் கொஞ்சம் குறைவான எடை. 1990 மாடலுக்கு அமெரிக்க அரசின் மைலேஜ் மதிப்பீடு, 2008-ல் கடுமையாக்கப்பட்ட புதுக் கணக்குப்படிப் பார்த்தாலே, நகரமும் நெடுஞ்சாலையும் சேர்த்து லிட்டருக்கு 10.2. முப்பது வருடத்துக்கு முந்தைய இன்ஜின், கூரையை மடக்கிப் போகிற வண்டி, விளையாட்டுக்கு என்றே செய்தது. ஹம்மரைப் போல ரெண்டு பங்குக்கும் மேல்.

ஹோண்டா சி.ஆர்.எக்ஸ். இன்னும் மோசம், அதாவது வாதத்துக்கு இன்னும் நல்லது. 1980-களில் வந்த அதன் எச்.எஃப். மாடல் சுமார் 800 கிலோ. அன்றைய அரசு மதிப்பீட்டில் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 21-ஐத் தாண்டியது. அதே உடம்பில் வேகமான இன்ஜின் வைத்து எஸ்.ஐ. என்று விற்றார்கள். சிக்கன வண்டியும் ஸ்போர்ட்ஸ் வண்டியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்!

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒரு வண்டி நகரத்துக்குள் எரிக்கும் பெட்ரோலில் பெரும்பங்கு, நின்ற எடையைக் கிளப்புவதற்குப் போகிறது. கிளப்பி, அடுத்த சிக்னலில் பிரேக் பிடித்து, அந்தச் சக்தியை எல்லாம் சூடாக்கி வீணடித்து, மறுபடி கிளப்பவேண்டும். 900 கிலோவைக் கிளப்புவதும் 2,900 கிலோவைக் கிளப்புவதும் ஒன்றா? மளிகைக் கடைக்குச் சைக்கிளில் போகிறவனும் மாட்டுவண்டி கட்டிப் போகிறவனும் ஒரே அரிசியைத்தான் வாங்கி வருகிறார்கள். தீனிச் செலவுதான் வேறு.

நெடுஞ்சாலையில் எதிரி காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். அதை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். அங்கே முக்கியம் ரெண்டு: வண்டியின் முகம் எவ்வளவு பெரிசு, உடம்பு எவ்வளவு வழவழப்பு. தாழ்ந்த கூரைக்கு இதுதான் அர்த்தம், ஸ்டைல் மட்டும் இல்லை. 1957-ல் லண்டன் கண்காட்சியில் லோட்டஸ் எலீட் என்று ஒரு கார் வந்தது. காலின் சாப்மனின் கம்பெனி செய்தது. தனியாகச் சட்டமே கிடையாது, ஃபைபர் கிளாஸ் உடம்புதான் சட்டம். எடை சுமார் 500 கிலோ, இன்ஜின் 1.2 லிட்டர். காற்று இழுவை எண் 0.29. இன்றைக்கும் பல புது கார்கள் அந்த எண்ணை எட்ட மூச்சு வாங்குகின்றன.

பந்தயமே சிக்கனத்தைக் கொண்டாடியது

"பந்தயக் கார்காரனுக்கு பெட்ரோலைப் பற்றி என்ன கவலை?" என்று ஒரு பேச்சு உண்டு. சரித்திரம் தெரியாத பேச்சு. பிரான்ஸின் லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், அதிக தூரம் போனவனுக்கு மட்டும் பரிசு இல்லை. எடையையும் வேகத்தையும் கணக்கில் எடுத்து, குறைவான பெட்ரோலில் நன்றாக ஓடியவனுக்கு 'வெப்பத்திறன் குறியீடு' என்று தனிப் பரிசு பல வருடம் இருந்தது. மேலே சொன்ன எலீட் அதை இரண்டு முறை தட்டிச் சென்றது.

1982-ல் 'குரூப் சி' விதி வந்தது. அது இன்னும் நேரடி. எவ்வளவு பெரிய இன்ஜின் வேண்டுமானாலும் வை, டர்போ வை, கேள்வி இல்லை. ஆனால் லீ மானில் 24 மணி நேரத்துக்கு மொத்தம் 2,600 லிட்டர்தான். தீர்ந்தால் நடந்து போ. அந்த வருடம் ஜாக்கி இக்ஸும் டெரெக் பெல்லும் போர்ஷே 956-ல் ஜெயித்தார்கள். கிட்டத்தட்ட 4,900 கிலோமீட்டர், சராசரி மணிக்கு 200-க்கும் மேல். லிட்டருக்கு ரெண்டுக்குக் கொஞ்சம் கீழே. கேட்கச் சிரிப்பு வரலாம். 600 குதிரைசக்தி வண்டி ஒரு நாள் முழுக்க அந்த வேகத்தில் போய் அந்த எண் எடுத்தது என்பதை நினைத்தால் சிரிப்பு அடங்கும். 1985-ல் அளவை இன்னும் 15 சதவிகிதம் வெட்டினார்கள். இந்த நெருக்கடியில்தான் பாஷ் கம்பெனியின் மோட்ரானிக், அதாவது பெட்ரோலையும் தீப்பொறியையும் சேர்த்து ஆளும் கம்ப்யூட்டர், போர்ஷே பந்தய வண்டிகளில் பட்டை தீட்டப்பட்டது. வீட்டுக் கார்களின் சிக்கனமும் அதே வகைக் கம்ப்யூட்டரால்தான் வந்தது.

பெரிய இன்ஜின் எல்லாம் ராட்சசனா?

"சரி, சின்னக் கார்களை விடு. கார்வெட் மாதிரி வி8 என்ன செய்யும்?" நியாயமான கேள்வி.

பெட்ரோல் இன்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு தட்டு கட்டுப்படுத்துகிறது. காலை லேசாக வைத்து ஓட்டும்போது தட்டு பெரும்பாலும் மூடியிருக்கும். பிஸ்டன்கள் அந்த இடுக்கு வழியாகக் காற்றை இழுக்கப் பாடுபடவேண்டும், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற மாதிரி. பெரிய இன்ஜின் மெதுவான ஓட்டத்தில் வீணடிப்பது இப்படித்தான். இதற்கு மருந்து, நெடுஞ்சாலையில் இன்ஜினை மெள்ளச் சுற்றவிட்டு தட்டை அகலத் திறக்க வைப்பது. 1997 கார்வெட்டில் அதைத்தான் செய்தார்கள். 5.7 லிட்டர், 345 குதிரைசக்தி, காற்று இழுவை 0.29, ஆறாவது கியர் விகிதம் வெறும் 0.50. அன்றைய சீட்டில் நெடுஞ்சாலை மைலேஜ் லிட்டருக்கு சுமார் 12. பூத வரியே கட்டவில்லை.

பிரிட்டனில் ஜாகுவார் கதை இன்னும் சுவாரசியம். அதன் 5.3 லிட்டர் வி12 நிஜமாகவே பெட்ரோலைக் குடித்தது, மறுப்பதற்கில்லை. 1981-ல் மைக்கேல் மே என்ற சுவிஸ் பொறியாளரின் எரியறை வடிவத்தை வைத்து, அழுத்த விகிதத்தை 12.5-க்கு ஏற்றி, எக்ஸ்.ஜே-எஸ் எச்.இ. என்று கொண்டுவந்தார்கள். அதே இன்ஜின், அதே பன்னிரண்டு சிலிண்டர், செலவு கணிசமாகக் குறைந்தது. சிலிண்டரை எண்ணி மைலேஜைச் சொல்ல முடியாது. உள்ளே எப்படி எரிகிறது என்பதுதான் விஷயம்.

ரசிகர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும்

இதெல்லாம் படித்துவிட்டுப் பழைய கார் ரசிகர்கள் விசில் அடிக்கவேண்டாம். அவர்கள் பக்கத்திலும் பொய் இருக்கிறது.

மாஸ்டா ஆர்.எக்ஸ்-8. அழகான வண்டி. 1.3 லிட்டர் என்று போட்டிருக்கும். ஆனால் அரசு மதிப்பீடு லிட்டருக்கு 7.7 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கீழே! காரணம் அதன் ரோட்டரி இன்ஜின். எரியும் அறை நீளமாக, தட்டையாக இருக்கும். சுவர்ப்பரப்பு அதிகம், சூடு சுவர் வழியாக ஓடிவிடும், ஓரத்தில் பெட்ரோல் எரியாமல் நிற்கும். எவ்வளவு காதலித்தாலும் இதற்குப் பெயர் சிக்கனம் இல்லை.

கார்வெட்டையே எடுங்கள். 1989-லிருந்தே அதன் ஆறு கியர் பெட்டியில் ஒரு ஏற்பாடு உண்டு: மெதுவாக ஓட்டும்போது ஒன்றாவது கியரிலிருந்து நேராக நாலாவதுக்குத் தள்ளிவிடும், சோதனையில் மைலேஜ் ஏறும். வாங்கியவர்கள் பலர் முதல் வேலையாக, அதை ஏமாற்ற ஒரு சின்ன மின்தடையைக் கடையில் வாங்கி மாட்டினார்கள். வரியைத் தப்பிக்கச் சிக்கனம் வேண்டும், ஓட்டும்போது வேண்டாம். இதுவும் ஹம்மர்காரனின் தந்திரத்துக்குச் சித்தப்பா மகன்தான்.

கார்புரேட்டர் கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெட்ரோல் கணக்கும் புகைக் கணக்கும் வேறு வேறு. கார்பன் டை ஆக்சைடு எரித்த பெட்ரோலுக்குத் தக்கபடி வரும், லிட்டருக்கு சுமார் 2.3 கிலோ. கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அப்படியில்லை. அமெரிக்காவில் 1975 மாடல்களிலிருந்துதான் வினையூக்கிப் பெட்டி பரவலாக வந்தது. அதற்கு முந்தைய கார் குறைவாகக் குடித்தாலும், குடித்த அளவுக்கு அசிங்கமாகத்தான் மூச்சுவிடும். அந்தக் குற்றச்சாட்டு உண்மை. ஆனால் அது வேறு வழக்கு. அந்த வழக்கின் தீர்ப்பை எடுத்து வந்து இந்த வழக்கில் ஒட்டக்கூடாது.

அரசே ஒரு முறை இந்த மைலேஜ் வழக்கை நடத்திப் பார்த்தது. 2009-ல் அமெரிக்கா பழைய வண்டிகளை வாங்கி நொறுக்கும் திட்டம் ஒன்றை நடத்தியது. பழையதைக் கொடுத்துப் புதுசு வாங்கினால் 3,500 அல்லது 4,500 டாலர். வாங்கிய வண்டியின் இன்ஜினில் ஆயிலை இறக்கிவிட்டு சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, இன்ஜின் இறுகிச் சாகும்வரை ஓட்டுவார்கள். சுமார் 6,77,000 வண்டிகள் இப்படிப் போயின. ஒரே ஒரு நல்ல விஷயம்: இந்த முறை கண்ணை நம்பவில்லை, எண்ணை வைத்தார்கள். லிட்டருக்கு 7.7-க்கு மேல் போகிற வண்டி என்றால் நொறுக்க வாங்கமாட்டோம் என்றார்கள்.

எண்ணை வைத்ததும் யார் சிக்கியது? அரசின் கணக்குப்படி வந்து விழுந்ததில் 84 சதவிகிதம் டிரக் வகை. ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் எஸ்.யூ.வி. முதலிடம். வலையை லிட்டரில் பின்னியதும் திமிங்கலம் மாட்டியது.

எத்தனை லிட்டர், அதுதான் கேள்வி

மைலேஜ் எண்ணே மனிதரை ஏமாற்றும். 2008-ல் டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 'சயன்ஸ்' இதழில் இதைக் காட்டினார்கள். கணக்கு எளிது. வருடம் 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர், லிட்டருக்கு 15 தரும் காரை விட்டு 30 தரும் காருக்கு மாறினால் மிச்சம் 400 லிட்டர். 4 தரும் வண்டியை விட்டு 6 தரும் வண்டிக்கு மாறினால் மிச்சம் 1,000 லிட்டர்! முதலாவது பெரிய சாதனையாகத் தெரியும், ரெண்டாவது அற்பமாகத் தெரியும். பணமும் எண்ணெயும் மிச்சமாவது ரெண்டாவதில். கனத்த வண்டிகளைத் தொடாமல் விட்டது எவ்வளவு பெரிய தப்பு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இன்னொரு பெருக்கலையும் யாரும் போடுவதில்லை. எவ்வளவு தூரம் ஓடுகிறது? ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் ஒரு பழைய கார் லிட்டருக்கு 8 தந்து வருடம் 2,400 கிலோமீட்டர் ஓடினால் 300 லிட்டர். தினமும் ஆபீஸ் போகும் புது ஹைப்ரிட் லிட்டருக்கு 20 தந்து 18,000 ஓடினால் 900 லிட்டர். ஹைப்ரிட்காரர் குற்றவாளி என்று அர்த்தமில்லை, அவருக்கு வேலை இருக்கிறது. ஆனால் ஷெட்டில் தூங்கும் வண்டியைக் காட்டி 'இதுதான் பூமியைக் கொல்கிறது' என்று அவர் சொன்னால், அது மட்டும் பொருந்தாது.

தொழில்நுட்பம் வளர்ந்ததே, அந்த லாபம் எங்கே போனது? பெரும்பாலும் எடையைச் சுமக்கப் போனது. 1976-ல் வந்த முதல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. 810 கிலோ. 2004-ல் வந்த ஐந்தாம் தலைமுறை 1,300-ஐத் தாண்டிவிட்டது. இதில் ஒரு பங்கு ஏர்பேக்குக்கும் விபத்தில் நொறுங்காத கூட்டுக்கும் போனது, அது உயிர் காக்கும் எடை, குறை சொல்லக்கூடாது. மீதி? எடையைக் கட்டுக்குள் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது, அதே எம்.எக்ஸ்-5. 2019 மாடல் 181 குதிரைசக்தி, எடை சுமார் 1,060 கிலோ, மதிப்பீடு லிட்டருக்கு 12.3. 1990 வண்டியைவிட ஒன்றரை மடங்கு சக்தி, குடிப்பதோ குறைவு. எல்லா வண்டியும் இப்படிப் போயிருக்கலாம். போகவில்லை. பெட்டி போன்ற வண்டிதான் லாபம் என்று கம்பெனிகள் முடிவு செய்தன, சட்டம் கதவைத் திறந்துவிட்டது, ஜனங்கள் பழியைத் தூக்கி சிவப்புக் காரின் தலையில் வைத்தார்கள்.

ஆகவே வரி போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். காருக்கு ஒன்று, டிரக்குக்கு ஒன்று என்று ரெண்டு தராசு வேண்டாம். வயதைப் பார்த்து, கூரை உயரத்தைப் பார்த்து, பெயின்டின் நிறத்தைப் பார்த்து வேண்டாம். எரித்த லிட்டருக்கு இவ்வளவு என்று போடுங்கள். ஆர்.எக்ஸ்-8 மாட்டும், மாட்டட்டும். வி12 மாட்டும், மாட்டட்டும்.

மாட்டாத ஒன்றையும் சொல்லவேண்டும். 2009 திட்டத்தில், பழைய காரை நொறுக்கிவிட்டு வாங்கும் புதுக் காருக்கு அரசு ஒரு தகுதி வைத்திருந்தது: லிட்டருக்குக் குறைந்தது சுமார் 9.4 கிலோமீட்டர். புது எஸ்.யூ.வி. என்றால் 7.7 இருந்தாலே போதும் என்று விட்டுக்கொடுத்தார்கள். 1990-ல் வந்த ரெண்டு சீட்டு எம்.எக்ஸ்-5 எடுத்த மார்க் 10.2. சுற்றுச்சூழலைக் காப்பாற்ற வாங்கச் சொன்ன புது வண்டிக்கு வைத்த தகுதியை, பத்தொன்பது வருடப் பழைய விளையாட்டு வண்டி ஏற்கெனவே தாண்டி நின்றது.